மூன்றாவது நீதிபதி எழுதியது

தீர்ப்பு நாள் இன்னதென்று தெரிந்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் அளவுக்கு மீறிய மரியாதையோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் அந்தச் சர்க்கரை டப்பாவை எடுத்துத் தர முடியுமா?" என்று மாமியார் கேட்டபோது பெரியவள் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக "சர்க்கரை!" என்ற ஒற்றைச் சொல்தான் வரும்.

தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். பெரியவள் நகரத்துக் குடிநீர் நிலையத்தில் ஆபரேட்டர். வடிகட்டித் தொட்டிகளும் குளோரின் மீட்டர்களும் அவள் ராஜ்ஜியம். சின்னவள் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதிக்கு ஸ்டெனோ. பெரியவளின் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். சின்னவளின் கணவன் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் பாதி நாள் கடலோடு போய்விடும்.

குடிநீர் நிலையத்தில் ஒரு பழைய விதி உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது. இன்னொரு விதியும் உண்டு. இரவு ஷிஃப்ட் பார்க்காதவர்களுக்கு இன்சார்ஜ் பதவி கிடையாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒரு பெண் அங்கே எத்தனை வருஷம் தண்ணீரைச் சுத்தம் செய்தாலும் ஆபரேட்டராகவே ஓய்வு பெற வேண்டியதுதான். பெரியவளிடம் வேலை பழகிய பையன்கள் இன்று அவளுக்கே லீவு கொடுக்கும் அதிகாரிகள்.

அவளும் கூட வேலை பார்க்கும் பெண்களும் சேர்ந்து, இது அரசியல் சட்டம் சொல்லும் சமத்துவத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு ஒவ்வொரு கோர்ட்டாக ஏறி, கடைசியில் மூன்று நீதிபதிகள் முன்னால் வந்து நின்றது. அந்த மூவரில் ஒருவர், சின்னவள் 'ஐயா' என்று கூப்பிடும் அவளுடைய நீதிபதி.

சின்னவள் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டாள். "மனுதாரர்கள்ல ஒருத்தங்க என் வீட்டுக்காரரோட அண்ணன் மனைவி, ஐயா. ஒரே வீடு. ஒரே அடுப்பு."

அவர் தலைமை நீதிபதிக்குக் குறிப்பு அனுப்பினார். இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் தெரிவித்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வாயைக் கட்ட முடியுமா?"

"முடியும் ஐயா."

போன வாரம் அவள் அவருடைய தீர்ப்பை டைப் செய்து முடித்து, கம்ப்யூட்டரை அணைத்து, முகத்தை இரண்டு தடவை கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்ததைப் பார்த்தோம். ஐயா பெரியவளுக்கு எதிராக எழுதியிருந்தார்.

மற்ற இரண்டு நீதிபதிகள் என்ன எழுதினார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அவரவர் ஸ்டெனோ, அவரவர் பூட்டு. ஆனால் ஐயா இருக்கும் பெஞ்சில் ஐயா சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

* * *

காலையில் மாமியார்தான் முதலில் தூண்டில் போட்டார்.

"ராத்திரி சரியாத் தூங்கலியாம்மா? கண்ணு வீங்கியிருக்கு."

"நல்லாத் தூங்கினேன் அத்தை."

"சந்தோஷத்திலயும் சில பேருக்குத் தூக்கம் வராது. அதான் கேட்டேன்."

"அவளை விடுங்க அத்தை" என்றாள் பெரியவள். "அவ சொல்லக் கூடாது. நாம கேக்கக் கூடாது."

"நான் எங்க கேட்டேன்? கண்ணைப் பத்திப் பேசினேன்."

பெரியவள் வேலைக்குப் போகும் நீலச் சீருடையை அணிந்திருந்தாள். மனுப் போட்ட பெண்கள் எல்லோரும் சீருடையில் வருவது என்று பேசி வைத்திருந்தார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தத் துணியை விட்டுக் குளோரின் வாசனை போகாது. காலர் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. சின்னவள் பக்கத்தில் வந்து அதை நிமிர்த்தி, உள்ளங்கையால் அழுத்தி விட்டாள்.

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் எதுவும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும். பெரிசா நெனச்சுக்கிட்டுப் போகலாமா, வேண்டாமா?"

சின்னவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"குடை எடுத்துக்கோங்கக்கா. மேகமா இருக்கு."

சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"குடைன்னா என்ன அர்த்தம்?" என்றார் மாமியார்.

"நனையாம இருக்கறதுக்கு வழி இருக்குன்னு அர்த்தம். நல்ல சேதி" என்றார் மருந்துக்கடைக்காரர், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

"இல்ல. மழை நிச்சயம்னு அர்த்தம். கெட்ட சேதி."

"ரெண்டு பேரும் சும்மா இருக்கீங்களா?" என்றாள் பெரியவள். "குடைன்னா குடைதான்."

ஆனாலும் வாசலில் நின்று வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினாள்.

* * *

நீதிமன்ற அறையில் உட்கார இடமில்லை. பின்வரிசை முழுக்க நீலச் சீருடை. நீதிபதிகளின் மேடைக்குக் கீழே, முதுகை மேடைக்கும் முகத்தைக் கூட்டத்துக்கும் காட்டிக்கொண்டு ஸ்டெனோக்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதற்கும் முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பதுதான் அந்த இடத்தின் முதல் பாடம். சின்னவள் நோட்டைத் திறந்து பேனாவைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது.

பெரியவளுக்குப் பக்கத்தில் சிட்டு நின்றாள். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், இருப்பவர்களில் சின்னப் பெண், குள்ளம். அதனால் சிட்டு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. ஐந்து மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நடுவில் இருந்த நீதிபதி அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். நிதானமான குரல். வழக்கின் வரலாறு, விதி பிறந்த காலம், அரசுத் தரப்பின் வாதம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போனார். பெண்களுக்கு விசேஷ ஏற்பாடு செய்ய அரசியல் சட்டம் அரசுக்கு அனுமதி தருகிறது என்பதை ஒப்புக்கொண்டார். சின்னவள் பேனாவை இறுக்கினாள்.

"ஆனால், விசேஷ ஏற்பாடு என்ற பெயரில் ஒருவரின் முன்னேற்றத்தை நிரந்தரமாக அடைப்பதை அந்த அனுமதி உள்ளடக்காது. இரவில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற இந்த விதி அரசியல் சட்டத்துக்கு முரணானது. இது முழுமையாக நீக்கப்படுகிறது."

இடது பக்கம் இருந்தவர் இரண்டே வரி சொன்னார். "நான் முழுமையாக உடன்படுகிறேன். கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை."

மூன்றில் இரண்டு. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

சின்னவளின் பேனா முனை காகிதத்தில் ஒரு புள்ளியாக நின்றது. சிரிக்கக் கூடாது. அழவும் கூடாது. பின்வரிசையில் ஒரு விசும்பல் எழுந்தது. சேவகர் "அமைதி" என்றார், அவ்வளவு கண்டிப்பில்லாமல்.

பிறகு வலது பக்கத்திலிருந்து ஐயாவின் குரல் வந்தது.

"என் சக நீதிபதிகள் மீது மிகுந்த மதிப்புடன் நான் மாறுபடுகிறேன். இந்த மனுவைத் தள்ளுபடி செய்திருப்பேன்."

தன் காரணங்கள் எழுத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் கோப்பை மூடினார்.

சின்னவள் நிமிர்ந்தாள். அத்தனை நீலச் சீருடைகளும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் அசையாமல் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

வராந்தாவில் தூண் ஓரமாகப் பெரியவள் காத்திருந்தாள்.

"வாழ்த்துகள்க்கா" என்றாள் சின்னவள்.

"உங்க ஐயா தள்ளுபடி பண்ணியிருப்பாராமே."

"ம்."

"அது உனக்குப் போன வாரமே தெரியும்."

"தெரியும்."

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பத்திரிகைக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அவளை முன்னால் தள்ளினார்கள், யாரோ மைக்கை நீட்டினார்கள். அவள் நன்றாகவே பேசினாள். வீட்டில் பேசுவதைவிட நிதானமாகப் பேசினாள். ஒரு தடவைகூடத் தூண் பக்கம் திரும்பவில்லை.

மதியம் ஐயா கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"உங்க வீட்டில ஜெயிச்சுட்டாங்க."

"ஆமாம் ஐயா."

"சந்தோஷமா?"

சின்னவள் தயங்கினாள். அவர் எழுதியதற்கு எதிரான சந்தோஷம் அது.

"சந்தோஷம்தான் ஐயா."

"இருக்க வேண்டியதுதான். நான் பயந்தது நடக்காமப் போனா, என்னைவிடச் சந்தோஷப்படற ஆள் யாரும் இருக்க முடியாது." அடுத்த காகிதத்தை எடுத்தார். "சீக்கிரம் வீட்டுக்குப் போங்க. இன்னிக்கு என் முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்."

* * *

வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. சட்டக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், இந்தத் தீர்ப்பு சமத்துவத்தைப் பற்றிய பாடப் புத்தகங்களையே மாற்றி எழுத வைக்கும் என்றார். இன்னொரு பேராசிரியர், மாறுபட்ட தீர்ப்பையும் படியுங்கள், அதில் விஷயம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். மாமியார் உடனே சேனலை மாற்றினார்.

"இவரு யாரு, நடுவில?"

மருந்துக்கடைக்காரர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு ஒரு கேக்கோடு வந்திருந்தார். பேக்கரிப் பையன் அவசரத்தில் அதன்மேல் 'பிறந்த நாள் வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டான்.

"அழிக்கச் சொல்லியிருக்கலாமே" என்றார் மாமியார்.

"இருக்கட்டும்மா. இனிமே இன்சார்ஜ். புதுப் பிறவிதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். கேக்கை வெட்டி எல்லோருக்கும் அவளே கொடுத்தாள். சின்னவளுக்கும் கொடுத்தாள், தட்டில் வைத்து. மற்றவர்களுக்கெல்லாம் ஊட்டிவிட்டிருந்தாள்.

சின்னவள் அந்தத் தட்டைத் தொடாமல் மேஜையில் வைத்துவிட்டு, துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். மழை வராமலேயே மேகம் கலைந்திருந்தது. கொடியில் பாதி எடுத்திருப்பாள், பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பெரியவள் வந்து, பேசாமல் கொடியின் மறுமுனையிலிருந்து கிளிப்புகளைக் கழற்ற ஆரம்பித்தாள். நடுவில் ஒரு போர்வை தொங்கியது.

"அதை டைப் அடிக்க வேற ஆளப் போடுங்கன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?" போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தது.

"எப்பக்கா சொல்றது? ஆரம்பத்தில அவர் எந்தப் பக்கம்னே தெரியாது. பாதியிலதான் தெரிஞ்சது. பாதியில போய் வேற ஆளப் போடுங்கன்னா, அன்னிக்கு ராத்திரியே நீங்க என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பீங்க."

"கண்டுபிடிச்சா என்ன? ஒரு வாரம் முன்னாடியே அழுது முடிச்சிருப்பேன்."

"உங்களுக்குச் சொன்னா, அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா..."

பெரியவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"காலையில என் காலரைச் சரி பண்ணினியே. அப்ப உன் மனசில என்ன இருந்தது? உண்மையைச் சொல்லு."

சின்னவள் ஒரு தலையணை உறையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"நீங்க தோக்கப் போறீங்கன்னு இருந்தது. தோக்கறப்ப காலர் கோணலா இருக்கக் கூடாதுன்னு இருந்தது."

பிறகு பெரியவளின் கை போர்வையின் ஒரு முனையைப் பிடித்து நீட்டியது. சின்னவள் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் உதறி, பாதியாக மடித்து, கிட்டே வந்து முனைகளைச் சேர்த்தார்கள்.

"கேக்கைச் சாப்பிடு போ" என்றாள் பெரியவள். "எறும்பு வந்துடும்."

கோபம் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் பேச்சு திரும்ப வந்திருந்தது.

* * *

விளக்குப் போடும் நேரத்தில் பெரியவளின் போன் அடித்தது. சிட்டு.

"என்னடி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தியா? குழந்தை என்ன பண்றான்?"

"தூங்கறான்க்கா." அவள் குரல் கம்மியிருந்தது. "அக்கா, ஆபீஸ் குரூப்ல ஆர்டர் போட்டிருக்காங்க, பார்த்தீங்களா?"

"என்ன ஆர்டர்?"

"நைட் ஷிஃப்ட். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலிருந்து பெண்கள் எல்லாரும் கட்டாயம் வரணுமாம். தீர்ப்பை மதிச்சுன்னு மேலேயே போட்டிருக்காங்க. முதல் வாரமே என் பேரு இருக்குக்கா."

பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்படி? பால் குடிக்கிற குழந்தை இருக்கே."

"அதைத்தான் அதிகாரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். 'சமம்னு கேட்டீங்க, கொடுத்துட்டோம். இப்ப சலுகை கேட்டா எப்படி?'ன்னு சிரிக்கிறார்க்கா. வராட்டி வேற ஊருக்கு மாத்திடுவோம்னு சொல்றார்." சிட்டு மூக்கை உறிஞ்சினாள். "ஜெயிச்சது சந்தோஷம்தான்க்கா. அதைத் தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா நான் என்ன பண்றது?"

"அழாதே. நான் பார்க்கிறேன். ஏதாவது பண்ணலாம்."

என்ன பண்ணலாம் என்பது அவளுக்கே தெரியவில்லை. போனை வைத்த பிறகு ஆர்டரைத் திறந்து பார்த்தாள். கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர், கோர்ட்டில் இந்த விதியைக் காப்பாற்றுவதற்காகக் கடைசிவரை பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்த அதே அதிகாரி. தோற்ற சூட்டோடு சூடாக உட்கார்ந்து தயாரித்திருக்கிறார்.

விரும்புகிறவர்களுக்கு மட்டும் இரவு ஷிஃப்ட் என்று கேட்கலாமா என்று அவள் ஆரம்பத்திலேயே வக்கீலிடம் கேட்டதுண்டு. பாதி கேட்டால் அதுவும் கிடைக்காமல் போய்விடும், முழு விதியையும் எடுக்கச் சொல்லுங்கள் என்றார் வக்கீல். அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த சிட்டுவின் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கியது அவள்தான். படித்துப் பார்க்காமலே போட்டாள் அந்தப் பெண். "நீங்க சொன்னாச் சரிக்கா" என்றாள்.

பெரியவள் எழுந்து கூடத்தைக் கடந்தாள். டிவியில் அவளுடைய முகமே வந்துகொண்டிருந்தது. மாமியார் "இங்க பாரு, இங்க பாரு" என்று கூப்பிட்டார். அவள் நிற்காமல் சின்னவளின் அறைக் கதவைத் தள்ளினாள்.

சின்னவள் கணவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பெரியவளின் முகத்தைப் பார்த்ததும், "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

"உங்க ஐயா எழுதினது இப்ப ரகசியம் இல்லையே?"

"இல்லக்கா. மத்தியானமே எல்லாருக்கும் கொடுத்தாச்சு."

"எனக்குப் படிச்சுக் காட்டு. எதனால மாட்டேன்னார்னு எனக்குத் தெரியணும்."

சின்னவள் லேப்டாப்பைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. எந்த வரி எங்கே இருக்கிறது என்று அவள் விரல்களுக்கே தெரியும். ஐயாவின் நிதானத்திலேயே வாசித்தாள்.

"இரவில் வேலை செய்ய விரும்பும் பெண்ணின் குரல் இந்த நீதிமன்றத்தில் தெளிவாகக் கேட்டது. அவள் கேட்பது நியாயம். விரும்பாத பெண்ணின் குரல் இங்கே கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் அவள் இல்லாமல் போய்விடமாட்டாள். விதியை முழுவதுமாக நீக்கினால், முடியாது என்று சொல்ல அவளுக்கிருந்த ஒரே ஆதாரமும் போய்விடும். முடியும் என்பவளுக்கு வழியும், முடியாது என்பவளுக்குக் காப்பும் ஒரே விதிக்குள் எழுதப்பட வேண்டும். அதை எழுதும் அதிகாரம் சட்டமன்றத்துக்கே உண்டு. எழுதப்படும் வரை, இருப்பதை எடுத்துவிட எனக்குத் துணிவில்லை."

பெரியவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்கவில்லையாமா? அவ கோர்ட்டுக்கே வந்திருந்தா. என் பக்கத்திலதான் நின்னா" என்றாள் மெதுவாக. "மனுவில கையெழுத்தும் போட்டிருக்கா. நான்தான் போட வச்சேன்."

சின்னவளுக்கு விஷயம் முழுதும் புரிய, போனிலிருந்த ஆர்டரை வாங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதை வச்சு ஏதாவது பண்ண முடியுமா?" என்றாள் பெரியவள். "உங்க ஐயா எழுதினதைக் காட்டி, திரும்பக் கோர்ட்டுக்குப் போகலாமா?"

"அது சட்டமில்லக்கா. மூணுல ஒருத்தர் எழுதினது. தோத்த தீர்ப்பு."

"நான் இத்தனை வருஷமாத் தோத்தவதான். தோத்துட்டேங்கறதுக்காக நான் சொன்னது பொய்யாப் போயிடலியே."

கூடத்திலிருந்து மாமியார் மறுபடி கூப்பிட்டார். பெரியவள் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துச் சின்னவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து படி" என்றாள். "மெதுவாப் படி. எனக்குப் புரியற வரைக்கும்."